ரெண்டரைக் கிலோ காலண்டர்

போன ஐப்பசியில எங்க மொதலாளி எனக்கு ஒரு வேலை குடுத்தாருங்க. தினசரி காலண்டருக்கு பேப்பர் செலக்ட் பண்ணோணும். அவ்வளவுதான்.

தெனமும் காலையில ஒரு தாள் கிழிச்சுப் போடுவமே, அந்தக் காலண்டர். மேல முருகர் படம், அதுக்குக் கீழ கம்பெனி பேரு, தாள்ல தேதி, ராகு காலம், எமகண்டம். புது வருசத்துக்குக் கடைக்காரங்களுக்கு எல்லாம் சும்மா குடுக்கறது.

எங்களுது திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. எக்ஸ்போர்ட் எல்லாம் இல்லீங்க. உள்ளூர் கடைக்குப் போற பனியன், ஜட்டி. நான் அங்க டிசைனர். டிசைனர்னதும் வேற ஏதாச்சும் கற்பனை பண்ணிக்காதீங்க. ஜட்டி டப்பாவுல நிக்கிற மீசைக்காரர எடது பக்கம் நிறுத்தறதா, வலது பக்கம் நிறுத்தறதான்னு முடிவு பண்றதுதான் என் கலை வாழ்க்கை.

வருசா வருசம் இந்தக் காலண்டர் வேலைய அக்கவுண்ட்ஸ்ல ஒரே போன்ல முடிச்சுருவாங்க. "போன வருசம் மாதிரியே போட்டுருங்க." முடிஞ்சுது. இதுக்கு டிசைனர் எதுக்கு? எதுக்குமே இல்ல.

ஆனா நடுவுல ஒரு அசம்பாவிதம் ஆகிப் போச்சு. மொதலாளி தன்னோட மாமனார் ஊட்டுக்கு விருந்துக்குப் போயிருக்காரு. போனா, ஹால்ல தொங்குது எங்களுக்கு எதுத்த ரோட்டுக் கம்பெனிக்காரங்க காலண்டர். எங்களுது எங்கன்னு தேடிருக்காரு. மோட்டார் ரூமுல!

"ஏனுங் மாமா இப்படி?"ன்னு கேட்டதுக்கு, மாமனார் சாவகாசமா வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டே, "அவிங்க தாளு நல்லாருக்குதுங் மாப்ள"ன்னுட்டாராம்.

சொந்த மருமகன் பேரு மோட்டார் ரூமுல கெடந்தா யாருக்குத்தான் பொறுக்கும்? மொதலாளி நேரா என்ற டேபிளுக்கே வந்துட்டாரு.

"அம்மணி, இந்த வாட்டி பேப்பரு நீதான் எடுக்கோணும். தாளத் தொட்டாலே எங்க மாமனாரு அசந்து போகோணும்."

"உடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்"னேன்.

இங்க ஒரு விசயம் சொல்லியாகணும். அப்பத்தான் நான் கோயமுத்தூர்ல பேப்பர் பத்தி ஒரு ஒர்க்‌ஷாப் போய்ட்டு வந்திருந்தேன். ஒரே ஒரு நாள். அதுலயும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்கிட்டேன்.

ஆனா வந்ததுல இருந்து என் அலம்பல் தாங்கல. பஸ் டிக்கெட்ட ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாக்கறது. கல்யாணப் பத்திரிக்கை வந்தா பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு பாக்காம மோந்து பாக்கறது. ஹோட்டல்ல பில்லு நீட்டுனா, "இது ரொம்ப லோ ஜிஎஸ்எம்"னு சப்ளையருக்குப் பாடம் எடுக்கறது. பாவம், அந்த மனுசன் நான் டிப்ஸ் குடுக்காம இருக்கறதுக்கு ஏதோ சாக்கு சொல்றேன்னு நெனச்சுட்டுப் போய்ட்டாரு.

ஜிஎஸ்எம்னா தாளோட கனம். நம்பர் ஏற ஏற தாள் கெட்டி. எனக்குத் தெரிஞ்ச பேப்பர் ஞானம் மொத்தமும் இந்த ரெண்டு வரிதான்.

பாண்டி அண்ணன வரச் சொன்னேன். சாத்தூர் பக்கத்துக்காரர். சிவகாசி பிரஸ் ஒண்ணுக்குத் திருப்பூர்ல ஆர்டர் புடிச்சுக் குடுக்கறவரு. ஒரு பெரிய பை நெறைய சாம்பிள் கொண்டாந்தாரு. மொதல்ல வழக்கமா போடற தாளை எடுத்து வெச்சாரு.

நான் அதை செத்த பல்லியத் தூக்கற மாதிரி ரெண்டு விரல்ல தூக்குனேன்.

"என்னண்ணே இது?"

"காலண்டர் தாள் மேடம்."

"இது தாளா? அந்தப் பக்கம் உங்க மூஞ்சி தெரியுது!"

"காலண்டர் தாள்னா அப்படித்தான் மேடம் இருக்கும்."

"எல்லாரும் அப்படி நெனைக்கறதாலதான் எல்லாக் காலண்டரும் ஒரே மாதிரி இருக்குது."

பாண்டி அண்ணன் அடுத்து கொஞ்சம் கெட்டியா ஒண்ணு எடுத்தாரு. "உங்களுக்கு எதுத்த கம்பெனிக்காரங்க எடுக்கது இதுதான் மேடம்"னாரு.

அத்தோட நிறுத்தியிருக்கலாம். மாமனாருக்குப் புடிச்ச தாளே அதுதானே! கண்ண மூடிக்கிட்டு அதையே சொல்லிருந்தா இந்தக் கதையே இல்ல. ஆனா எதுத்த கம்பெனி எடுக்கற தாளையே எடுக்கறதுக்கு நான் எதுக்கு? என் ஒர்க்‌ஷாப் எதுக்கு?

பைக்குள்ள கைய உட்டு நானே தேடுனேன். அடியில இருந்துச்சு. பளபளன்னு, வழுவழுன்னு, கெட்டியா, நூத்தி எழுவது ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர்.

"இது!"

"இதா? இது பட்டுச் சேலைக் கடை கேட்லாக்குக்குப் போடுதது மேடம். நீங்க கேக்கது மேல அட்டைக்கா?"

"இல்ல. தாளுக்கு."

"வருசம் பூராவுக்குமா?"

"ஏன், ஆடியோட வருசம் முடிஞ்சுருமா?"

பாண்டி அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அது மரியாதைன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா, இந்த ஆர்டருக்கு எத்தன லாரி பேப்பர் வேணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருக்காரு.

"பிரமாதம் மேடம்! உங்க டேஸ்ட்டே தனி மேடம்!"ன்னாரு. நான் மனசு மாறிரக் கூடாதுன்னு டீ கூட குடிக்காம கெளம்பிட்டாரு.

அடுத்த வாரம் சாம்பிள் அடிச்சு வந்துச்சு. ஒரே ஒரு தாள்.

அந்த ஒரு தாள் கம்பெனி பூரா ஊர்வலம் போச்சுங்க. மொதலாளி கன்னத்துல வெச்சுப் பாத்து, "நம்ம உசந்த ரகப் பனியன் மாதிரியே மெத்துனு இருக்குது அம்மணி"ன்னாரு. பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருத்தங்க முந்தானையில கைய தொடச்சுட்டு வந்து தொட்டாங்க. மொதலாளி சம்சாரம் அதைக் கண்ணாடி மாதிரி புடிச்சுப் பொட்ட சரி பண்ணிக்கிட்டாங்க.

ஒரே ஒரு தாள்! வருசத்துக்கு வேண்டிய தாளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா என்ன ஆகும்னு யாருக்காவது தோணணுமே? படிச்ச டிசைனருக்கே தோணல. அவங்களுக்கு எங்க தோணப் போகுது?

அதோட உட்டேனா? காலண்டர் அட்டைக்கு அடியில பொடி எழுத்துல 'வடிவமைப்பு'ன்னு போட்டு என் பேரையும் போன் நம்பரையும் சேத்துக்கிட்டேன். பாராட்டறவங்க அலையக் கூடாது பாருங்க.

மார்கழியில லோடு வந்து எறங்குச்சு. எறக்குனவரு பீகார்க்காரர். ஒரு பண்டலைத் தூக்கிட்டு நாலடி நடந்தவரு பொத்துனு கீழ வெச்சுட்டாரு.

"மேடம், டைல்ஸ் ஹை க்யா?"

"காலண்டர்"னேன்.

அவரு சுவத்துல தொங்குன பழைய காலண்டரப் பாத்தாரு. பண்டலைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ஹிந்தியில ஏதோ சொன்னாரு, கூட இருந்தவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு ஹிந்தி தெரியாம போனதுக்கு அன்னிக்கு சந்தோசப்பட்ட மாதிரி என்னிக்குமே பட்டதில்ல.

ஒண்ணைப் பிரிச்சுத் துணி எடை போடற மெசின்ல வெச்சோம். ரெண்டரைக் கிலோ.

"ஏன் அம்மணி, ரெண்டரைக் கிலோவா?"ன்னாரு மொதலாளி.

"குவாலிட்டிங்கண்ணா. குவாலிட்டின்னாலே கனமாத்தான் இருக்கும்."

இந்த மாதிரி டயலாக் எல்லாம் எனக்கு எங்க இருந்துதான் வருமோ!

புது வருசத்தன்னிக்கு மொதலாளி ரூம்ல சாமி கும்புட்டுட்டு காலண்டர் மாட்டுனோம். மொதலாளி அண்ணா, அவங்க சம்சாரம், ஸ்டாஃப் எல்லாரும் சுத்தி நிக்கறோம். மொதத் தாளு தேதி இல்லாத வாழ்த்துத் தாளு. அதை மொதலாளி கையால கிழிச்சுத் தொடங்கி வெக்கறதுன்னு ஏற்பாடு. நான் போன்ல வீடியோ எடுக்கறேன்.

அண்ணா சிரிச்ச மூஞ்சியோட தாளைப் புடிச்சு இழுத்தாரு. வரல.

இன்னும் கொஞ்சம் இழுத்தாரு. வரல. சிரிப்பு போச்சு.

ரெண்டு கையாலயும் புடிச்சு, ஒரு காலைப் பின்னால வெச்சு, தேர் வடம் இழுக்கற மாதிரி ஒரு இழு இழுத்தாரு பாருங்க. தாள் வரல. ஆணி வந்துச்சு. ஆணியோட கொஞ்சம் சுவரும் வந்துச்சு. ரெண்டரைக் கிலோவும் நேரா போய் அண்ணாவோட கட்டை வெரல் மேல உழுந்துச்சு.

வீடியோவுல கடைசியா கேக்கறது என் குரல்தான். "ஹேப்பி நியூ இயர்!"ன்னு கத்திருக்கேன். நானா? ஆமாங்க, நானேதான்.

"ஆணி செரியில்ல"ன்னாரு அண்ணா, சேர்ல உக்காந்து கால புடிச்சுக்கிட்டே. பெருந்தன்மையான மனுசன்.

"ஆமாங்கண்ணா, ஆணிதான்"னு நானும் ஆணி மேல பழியப் போட்டேன். எலக்ட்ரீசியன வரச் சொல்லி டிரில் போட்டு, சீலிங் ஃபேன் மாட்டற மாதிரி ஒரு கொக்கிய எறக்கி மாட்டுனோம்.

எங்க சேல்ஸ்மேன் மூர்த்தி கடை கடையா காலண்டரக் கொண்டு போய்க் குடுத்தாரு. ஸ்கூட்டர்ல முன்னாடி ஒரு கட்டு, பின்னாடி ஒரு கட்டு. சாயங்காலம் வந்து, "மேடம், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் இப்ப வண்டிக்கு அடியில தட்டுதுங்க"ன்னாரு. நான் காதுல போட்டுக்கல. கலைஞர்களுக்கு இதெல்லாம் காதுல உழுகாது.

அதுக்கப்புறம் என் போன் அடிக்க ஆரம்பிச்சுச்சு.

மொதல்ல ஒரு மளிகைக் கடை அம்மா. "ஏனுங், காலண்டர்ல உங்க நம்பர் போட்டிருக்குதுங்க. இத எப்படிங் கிழிக்கறது?"

"கையாலதாங்க்கா."

"கையாலயா? எங்க ஊட்டுக்காரரு அருவாமனையக் கொண்டாரச் சொல்றாருங்."

அடுத்தது ஒரு டெய்லர். "மேடம், தாளு பளபளன்னு இருக்குது, நல்லாத்தான் இருக்குது. ஆனா பாத்தா டியூப்லைட்டுதான் தெரியுது. ராகு காலம் எங்க இருக்குதுன்னே தெரியலீங்க."

"கொஞ்சம் சைடுல நின்னு பாருங்கண்ணா."

"சைடுல மெசின் இருக்குதுங்க."

கேஸ் சிலிண்டர் மாத்துன தேதிய எழுதி வெக்க முடியல, பேனா வழுக்குதுன்னு ஒருத்தர். மெஸ் வெச்சிருக்கற அக்கா ஒருத்தங்க அழுகற மாதிரி பேசுனாங்க. "மாவுச் சட்டிக்குள்ள உழுந்துருச்சு கண்ணு. சட்டியும் போச்சு, மாவும் போச்சு. காலண்டரு மட்டும் ஒண்ணும் ஆகல."

அதுல கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. வெக்கங்கெட்டவ நான்.

எல்லாத்துக்கும் மேல, ஒரு முருகன் கோயில் பூசாரி. கிழிச்ச காலண்டர் தாள்லதான் அவரு திருநீறு மடிச்சுக் குடுப்பாராம். "இத மடிச்சா மடிய மாட்டேங்குதுங்க. படக்குனு குடை மாதிரி விரிஞ்சுக்குது. நேத்து ஒரு ஜவுளிக்கடைக்காரரு கருப்புச் சட்டை போட்டுட்டு வந்தாருங்க. வெள்ளைச் சட்டையோட போனாருங்க."

இத்தனைக்கும் மொதலாளி அசரல. ஏன்னா அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சுவர். பொங்கலுக்கு மாமனார் ஊட்டுக்கு டிரில் மெசினோட போயி, எதுத்த கம்பெனி காலண்டரக் கழட்டி மோட்டார் ரூமுல மாட்டிட்டு, எங்களுத ஹாலுக்கு நடுவுல தானே மாட்டிட்டு வந்தாரு. மாமனாரும் தாளத் தடவிப் பாத்து, "நொம்ப நல்லாருக்குதுங் மாப்ள"ன்னு சொல்லிட்டாராம். அன்னிக்கு எனக்கு ஒரு டப்பா மைசூர்பா வந்துச்சு. வாழ்க்கையில அப்படியே நின்னிருக்கலாம்.

தை மாசம் நடுவுல ஒரு நாள் மொதலாளி என்னைக் கூப்பிட்டாரு. மூஞ்சி சுண்டிப் போயிருந்துச்சு.

"கெளம்பு அம்மணி. மாமனாரு உன்னையப் பாக்கோணுங்கறாரு."

நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? நேர்ல பாராட்டப் போறாருன்னு நெனச்சேன்! பை எடுக்கறப்ப லிப்ஸ்டிக் வேற போட்டுக்கிட்டேன்.

மாமனார் ஹால்ல, காலண்டருக்கு நேர் எதுக்க சேர் போட்டு உக்காந்திருந்தாரு. பித்தளைப் பாத்திர யாவாரம் பண்ணி ஓஞ்ச மனுசன். சத்தமே போட மாட்டாரு. அதுதான் பயமே.

"வாங்க கண்ணு. இந்தத் தாளு எடுத்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கய்யா"ன்னு சிரிச்சேன்.

"உக்காருங்க. ஒரு கதை சொல்றேன்."

அவரு தங்கச்சி பேத்தி பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பேரு பிரவீண். பொண்ணப் பெத்தவளுக்கு இவருதான் தாய்மாமன், முன்னால நிக்கோணும். அஞ்சு அடுக்குக் குத்துவிளக்கு ஒண்ணு செய்யச் சொல்லி, அடியில 'பிரியா - பிரவீண்'னு பேரு வெட்டித் தயாரா வெச்சிருந்தாரு. தேதியும் அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா இன்னிக்கு என்ன தேதின்னு காலண்டரப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கோணும்?

அங்கதான் என் தாள் வேலையக் காட்டிருக்கு. மசி பூசுன வழவழப்புல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட தாளுங்க. தம் புடிச்சு இழுத்தா எத்தன வருதுன்னே தெரியாது. ஏதோ ஒரு காலையில ரெண்டு சேந்து வந்திருச்சு. அவரு கவனிக்கல. அன்னில இருந்து அந்த ஊடு மட்டும் உலகத்தை விட ஒரு நாள் முன்னாடி ஓடிட்டு இருந்திருக்கு.

"முந்தின நாளே போய்ட்டேன் கண்ணு"ன்னாரு.

அவரு சம்சாரத்துக்கு முட்டி வலி, வரல. இவரு தனியா ஆட்டோ புடிச்சு மண்டபத்துக்குப் போயிருக்காரு. வாசல்ல பூவுல 'பிரியா'ன்னு பெருசா எழுதியிருந்துச்சாம். அன்னிக்கு அங்க கல்யாணம் வேற ஒரு பிரியாவுக்கு!

"மாப்ள பேரு பாக்கலீங்களா மாமா?"ன்னாரு எங்க அண்ணா மெதுவா.

"நம்மூட்டுப் புள்ள பேரு இருக்குது, உள்ள போனேன். மாப்ள பேரு எதுக்குங் எனக்கு?"

"ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருத்தரும் இல்லாதது தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது. எல்லாம் பந்திக்குப் போயிருப்பாங்கன்னு நானும் பந்திக்குப் போய்ட்டேன்."

"பொண்ணு மூஞ்சி?"

"இந்தக் காலத்துல மேக்கப்பு போட்டா பெத்தவனுக்கே தெரியறதில்ல. எனக்கெங்க தெரியுது?"

மேடையேறி, திருநீறு பூசி, விளக்கைக் குடுத்து, போட்டோவும் புடிச்சுட்டு திருப்தியா ஊட்டுக்கு வந்துட்டாரு. மறுநாள் காலையில தங்கச்சி போன் பண்ணி, "ஏனுங்கண்ணா, முகூர்த்தத்துக்கு இன்னும் வரல?"ன்னு அழுகுது. இவரு, "நேத்தே வந்து சாப்பிட்டுட்டுத்தான வந்தேன்! ஒரு கண்ணாலத்துக்கு எத்தன வாட்டி வாரது?"ன்னு கேட்டிருக்காரு. அண்ணன் ஏதோ குத்திக் காட்டுறாருன்னு அந்தம்மா போனை வெச்சவங்கதான். பேச்சு வார்த்தை கட். இவருக்கு விசயம் புரிஞ்சதே மூணாம் நாள் நியூஸ் பேப்பர்ல தேதியப் பாத்ததுக்கு அப்புறந்தான்.

மாமனார் காலண்டரையே பாத்துட்டு இருந்தாரு. அப்பத்தான் அவரு கண்ணு கலங்குனது தெரிஞ்சுது. எனக்கு லிப்ஸ்டிக்கத் தொடச்சுக்கலாம் போல இருந்துச்சு.

"அந்த வெளக்கு வேணுங் மாப்ள. அதைக் கொண்டு போய் நீட்டுனாத்தான் என்ற தங்கச்சி கதவத் தொறப்பா."

அண்ணா என்னையப் பாத்தாரு. ஜட்டி டப்பாவுக்கு மீசைக்காரர வரையற பொண்ணுக்கு இப்ப விளக்கு மீட்கற வேலை!

மண்டபத்து மேனேஜர்கிட்டக் கெஞ்சி அட்ரஸ் வாங்குனேன். மண்ணரைங்கற ஏரியாவுல ஒரு லைன் வீடு. மூர்த்தி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால நான். கால் வெக்கற எடத்துல குடுக்காம மிச்சமிருந்த காலண்டர் ஒண்ணு.

கதவத் தொறந்தது மாப்பிள்ளை. முத்துக்குமார்னு பேரு, தென்காசிக்காரர், இங்க ஒரு கம்பெனியில டெய்லர். கல்யாணம் ஆகி மஞ்சள் வாசம் கூடப் போகல, ஆனா மூஞ்சியில ஒரு சந்தோசமும் இல்ல.

"அந்தக் குத்துவிளக்கு விசயமா வந்திருக்கோங்க"ன்னேன்.

அவரு மூஞ்சி செவந்து போச்சு. "ஓஹோ! நீங்க பிரவீணுக்கு யாரு? அக்காவா?"

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. எங்கயோ இருந்து ஒரு பெரியவர் வந்து குடுத்த விளக்கு. அடியில பொண்டாட்டி பேரு. பக்கத்துல வேற ஒருத்தன் பேரு! எந்தப் புது மாப்பிள்ளை தாங்குவான்?

உள்ள இருந்து அந்தப் பொண்ணு பிரியா கத்துனா. "எனக்கு எந்தப் பிரவீணையும் தெரியாதுன்னு எத்தன தடவ சொல்லுதது?"

"தெரியாதவனா அஞ்சு அடுக்கு வெளக்கு குடுத்து உடுதான்?"ன்னாரு இவரு. விளக்கு மூலையில சுவத்தப் பாத்து நின்னுட்டு இருந்துச்சு, தப்பு பண்ணுன புள்ள மாதிரி.

நான் ஆரம்பத்துல இருந்து சொன்னேன். காலண்டர், ஆர்ட் பேப்பர், நூத்தி எழுவது ஜிஎஸ்எம், ரெண்டு தாள் சேந்து வந்தது, பெரியவர், பந்தி, எல்லாமே.

முத்துக்குமார் கடைசி வரைக்கும் கேட்டாரு. கேட்டுட்டு, "காலண்டர் தாள் கிழியலங்கதுக்காக ஒருத்தர் என் கல்யாணத்துக்கு வந்தாரு. இத நான் நம்பணும்?"னாரு.

சரிதானே? நானே நம்ப மாட்டேன்.

மூர்த்தி போயி ஸ்கூட்டர்ல இருந்த காலண்டரக் கொண்டாந்து அவரு கையில குடுத்தாரு. ரெண்டரைக் கிலோவ வாங்குன வேகத்துல முத்துக்குமார் ஒரு அடி முன்னால சாஞ்சாரு.

"ஒரே ஒரு தாள் கிழிங்க"ன்னேன்.

இழுத்தாரு. வரல. பல்லைக் கடிச்சாரு. வரல. வாசப்படியில கால முட்டுக் குடுத்துட்டு ஒரே இழு! பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் வெளிய வந்து பாத்தாங்க. கையோட மூணு தாள் வந்துச்சு.

மூணு தாளையும் மாறி மாறிப் பாத்தாரு. உதட்டோரம் துடிச்சுச்சு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, அப்படியே படியில உக்காந்துட்டாரு.

"எந்தக் கிறுக்கன் எடுத்தான் மேடம் இந்தப் பேப்பர?"

மூர்த்தி வானத்தப் பாத்தாரு. நான் செருப்பப் பாத்தேன்.

மாப்பிள்ளை சிரிச்சுட்டாரு, ஆனா பொண்ணு சிரிக்கல. விளக்கைத் தூக்கிட்டு வந்து என் கையில குடுத்துட்டு, புருசன் பக்கம் திரும்புனா. "வெளக்கப் பாத்ததும் பேசாம இருந்தீயல்லா? இனி எத்தன நாளு நான் பேசாம இருக்கேன்னு நீங்க எண்ணுங்க."

"ஏ பிரியா, அப்படி இல்ல பிள்ள..."

"எண்ணுங்க. காலண்டர் வேணும்னா அந்தா இருக்கு."

கொஞ்சம் யோசிச்சுட்டு எங்ககிட்டயே திரும்புனா. "வேணாம்க்கா, அதையும் எடுத்துட்டுப் போயிருங்க."

விளக்க மாமனார்கிட்ட ஒப்படைச்சோம். அவரு அதோட தங்கச்சி ஊட்டுக்குப் போனாரு. என்ன பேசுனாங்கன்னு தெரியாது, ஆனா திரும்பி வரும்போது கையில பலகாரப் பை இருந்துச்சுன்னு அண்ணா சொன்னாரு. ஹால்ல மறுபடியும் எதுத்த கம்பெனி காலண்டர் ஏறிருச்சு. எங்களுது மோட்டார் ரூமுக்குக் கூட போகல. ஆணி தாங்காதாம்.

குடோன்ல மிச்சமிருந்த காலண்டர எல்லாம் எங்க கட்டிங் மாஸ்டர் எடுத்துக்கிட்டாரு. துணிய அடுக்கி வெட்டும்போது நகராம இருக்க மேல வெயிட் வெப்பாங்க. அதுக்கு இதைவிட நல்லது இந்த ஊர்லயே கெடைக்காதுன்னு ஒரே சந்தோசம். என் டிசைன மனசாரப் பாராட்டுன ஒரே ஆளு அவருதான்.

எல்லாம் அடங்குனதுக்கு அப்புறம், சித்திரையில சம்பளம் ஏத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம்னு அண்ணா ரூமுக்குப் போனேன். கொக்கியில தொங்கற காலண்டருக்குக் கீழதான் உக்காந்திருந்தாரு. தேதி இன்னும் தை மாசத்துலயே நின்னுச்சு.

நான் சொன்னதை எல்லாம் பொறுமையா கேட்டாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. ரொம்ப மரியாதையா கேட்டாரு.

"செரி அம்மணி. இந்த ஒரு வருசத்துல அப்படி என்னத்தக் கிழிச்சே?"

"ஒண்ணுமே கிழிக்க முடியலீங்கண்ணா"ன்னேன்.